ஃபயர்மேன் அண்ணாச்சியின் வாக்குமூலம்

விசாரணை அறையின் மேஜை மேல் அன்றைக்கு ஒரு வால்வைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதன் தலையில் ஒரு சின்ன இரும்புச் சக்கரம், காப்பி டவராவின் வாய் அளவு இருக்கும். வெந்து கறுத்துப்போயிருந்த அதன் கழுத்தில் ஒரு அட்டையைச் சணலால் கட்டி, சிவப்பு மையில் நம்பர் எழுதியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில்தான் என் சுருக்கெழுத்து நோட்டுக்கு இடம் கிடைத்தது. எழுதும்போதெல்லாம் முழங்கை அதில் இடித்தது. அதிகாரிகள் டீ குடிக்க எழுந்துபோன நேரத்தில் சக்கரத்தைத் திருகிப் பார்த்தேன். சுற்றியது, இன்னும் சுற்றியது. முழுக்கத் திறந்துவிட்டதா, பாதியில் நிற்கிறதா என்று பார்வைக்குத் தெரியவே இல்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ரயில்வே ஆபீஸ் ஒன்றில் ஸ்டெனோ. மாட்டுங்காவில் அந்தக் காலத்தில் பெண் பிறந்தால் பாட்டும் டைப்பும் தானாக வந்துவிடும் என்பார்கள். எனக்குப் பாட்டு வரவில்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். எனக்குக் கீழே மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சமாதானமாகச் சொன்னால் நன்றாக இருக்காது.

நான் எழுத வந்தது ஒரு ஃபயர்மேனைப் பற்றி. எஞ்சினில் கரி அள்ளிப் போட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்கிறவர். திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்து தாராவியில் குடியிருந்தவர். அங்கே எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். ஒல்லியான உடம்பு, கொஞ்சம் முன்வளைந்த தோள், எப்போதும் எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போன்ற முகம்.

அவர் வேலை பார்த்த எஞ்சின்களை யார்டில் எல்லோரும் 'மிலிட்டரி' என்றார்கள். உலகச் சண்டைக்காக அமெரிக்காவில் அவசர அவசரமாகக் கட்டிக் கப்பலில் அனுப்பியவை. சண்டை முடிந்ததும் பட்டாளத்துக்கு அவை வேண்டாமல் போயின. ரயில்வே எடுத்துச் சரக்கு வண்டிகளில் பூட்டியது. அழகு என்று ஒன்றும் கிடையாது, இரும்பை அறைந்து நிறுத்தியதுபோல் இருக்கும். ஆனால் கரியோ தாது மண்ணோ, எத்தனை வேகன் கட்டினாலும் முனகிக்கொண்டே இழுத்துவிடும். சண்டை முடிகிறவரை ஓடினால் போதும் என்று செய்த வண்டிகள் எங்கள் காலத்திலும் ஓடிக்கொண்டிருந்தன.

அவசரத்தில் கட்டியவர்கள் ஒரு சிக்கனம் செய்திருந்தார்கள். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட டிரைவருக்கு எதிரே ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. மற்ற எஞ்சின்களில் அது இரண்டு; ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். மிலிட்டரியில் ஒன்றுதான். கண்ணாடி அடிக்கடி உடையும். உடைந்தால் மேலும் கீழும் இருக்கிற வால்வுகளை மூடி, புதுக் குழாயைச் செருகி, மறுபடி திறந்துவிடவேண்டும். நம் எஞ்சின்களில் வால்வுக்குக் கைப்பிடி. அது நிற்கிற வாட்டத்தைப் பார்த்தாலே திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மிலிட்டரியில் திருகு சக்கரம். மேல் வால்வு சரியாகத் திறக்காமல் போனால், குழாயில் தண்ணீர் நிறைந்து நிற்கும், உள்ளே வற்றிக்கொண்டே போகும். நெருப்புக்கு மேலே இருக்கிற தகடு பழுத்து, இளகி, கீழே விழும். விழுந்தால் நீராவியும் நெருப்பும் டிரைவர் நிற்கிற இடத்துக்குத்தான் பாயும். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது அந்த விசாரணையில். கேள்விகளை மொழிபெயர்த்தே ஒரு பாய்லரைக் கற்றுக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், கரி வண்டி ஒன்றில், அந்தத் தகடு விழுந்தது. டிரைவர் செத்துப்போனார். அண்ணாச்சி அந்த நேரம் பின்னால் கரித் தொட்டியில் ஏறிக் கரியை முன்பக்கம் தள்ளிக்கொண்டிருந்ததால் பிழைத்தார். டிரைவரை வெளியே இழுக்கப் போய் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. டிரைவர் மராத்திக்காரர். இரண்டு பேரும் ஆறு வருஷம் ஒரே எஞ்சினில் ஜோடியாக வேலை பார்த்தவர்கள். அண்ணாச்சி அவரைப் 'பாவூ' என்பார், அண்ணன் என்று அர்த்தம். பாவூ வீட்டுச் சோள ரொட்டியை இவரும், இவர் வீட்டுக் கருவாட்டை அவரும் தின்று தீர்த்த ஆறு வருஷம்.

விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரிக்கு ஆங்கிலமும் ஹிந்தியும்தான் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரிந்தது யார்டு ஹிந்தி. 'இதர் ஆவ், உதர் ஜாவ்' என்பதற்கு மேல் அது போகாது. எனவே சுருக்கெழுத்தோடு மொழிபெயர்ப்பையும் என் தலையில் கட்டினார்கள். நான் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒளிக்கப்போவதில்லை.

கூப்பிடுவதற்கு முன்னால் மூன்று நாள் அவர் வராந்தா பெஞ்சில் காத்திருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை துணிக் கட்டு. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டுவார். அவர் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். மூன்றாம் நாள் காலை அந்த அம்மாள் நான் தண்ணீர் பிடிக்கப் போன இடத்துக்குப் பின்னாலேயே வந்தார்.

"தாயி, எங்களுக்கு மூணும் பொட்டப்புள்ள. இந்தக் கையை வச்சுக்கிட்டு இவருக்கு இனி வேற எங்கன வேலை கிடைக்கும்? இவரு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாரு. உள்ளதை உள்ளபடி சொல்லிப்புடுவாரு. நீங்க பாத்து எழுதுங்க. செத்தவருக்கு இனி என்ன வேலை போயிரப் போவுது?"

நான் குவளையை நிரப்பிக்கொண்டு திரும்பினேன். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் தண்ணீர்க் குவளையோடு என் கூடவே உள்ளே வந்தது.

உள்ளே அதிகாரி கேட்டது ஒரே ஒரு முக்கியமான கேள்வி: அன்றைக்குக் கண்ணாடி உடைந்தபோது மாற்றியது யார்? தமிழில் கேட்டேன். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை.

"நான்தான் தாயி மாத்துனேன். பாவூ கீழ நின்னு தாளுல கையெழுத்து போட்டுக்கிட்டு இருந்தாரு. ரெண்டு சக்கரத்தையும் தெறந்தேன். மேல உள்ளது கொஞ்சம் இறுக்கமா நின்னுச்சு, சரி தெறந்துட்டுன்னு நெனைச்சேன். பாவூ ஏறி வந்து 'பக்கா?'ன்னு கேட்டாரு. நான் 'பக்கா'ன்னேன். அவரு என்னை நம்புனாரு. அம்புட்டுதான்."

அந்த ஜோடிகளின் வழக்கம் அது. ஒருவர் செய்ததை மற்றவர் மறுபடி தொட்டுப் பார்ப்பது அவமானம். ஒருவர் பக்கா என்று கேட்பார், மற்றவர் பக்கா என்பார், எஞ்சின் கிளம்பிவிடும். ரூல் புத்தகத்தில் வேறு என்னென்னவோ எழுதியிருந்தது. அதை நம்பி யாரும் எஞ்சின் ஓட்டவில்லை.

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். நான் அண்ணாச்சியின் கட்டுகளைப் பார்த்தேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்: கண்ணாடியை டிரைவர் மாற்றினார், ஃபயர்மேன் 'பக்கா?' என்று கேட்டார். டிரைவர் 'பக்கா' என்றார். அவர் சொன்ன ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை. ஆளை மட்டும் மாற்றினேன். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அண்ணாச்சி நான் பேசப்பேசத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், தான் சொன்னதைத்தான் இந்தப் பெண் சொல்கிறது என்று.

டைப் அடித்து முடித்ததும் கீழே வழக்கமான வரியைச் சேர்த்தேன்: படித்துக் காட்டி விளங்க வைக்கப்பட்டது. அவருக்குக் கையெழுத்து போடக் கை இல்லை. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடதுகைச் சுண்டு விரலில் நானே மை தடவி, காகிதத்தில் பிடித்து அழுத்தினேன். வலித்திருக்கும். "மெதுவா தாயி" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில்தான் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதை வெளியிலே மூச்சு விடாதே. உன் உத்யோகம் போச்சுன்னா நாம எல்லாரும் எங்கேடி போறது?" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

செத்தவருக்கு வேலை போகாதுதான். ஆனால் டிரைவருக்கு ஒரு மனைவி இருந்தாள், பதினெட்டு வயதில் ஒரு மகன் இருந்தான். டிரைவரின் சொந்தக் கவனக்குறைவால் நடந்த விபத்து என்று தீர்ப்பு எழுதினார்கள். மகனுக்குக் கருணை அடிப்படையில் கிடைக்கவேண்டிய வேலை கிடைக்கவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போயிற்று. அந்த நோட்டீஸையும் எங்கள் செக்‌ஷனில்தான் டைப் அடித்தார்கள். இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் அதுவும் பொய். பக்கத்து மேஜையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அண்ணாச்சி தனக்கு வேலை போய்விடும் என்று மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார். போகவில்லை. லைட் டியூட்டி கொடுத்தார்கள். ஏதோ பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் டிரைவர் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது தெரிந்து ஓடியிருக்கிறார். "நான்தான் செஞ்சேன்" என்று சொல்லியிருக்கிறார். டிரைவரின் மனைவி பெட்டியிலிருந்து விசாரணைக் காகிதத்தின் நகலை எடுத்து அவர் முன்னால் போட்டிருக்கிறாள். அதைத் தாராவிக்கு எடுத்து வந்து, இங்கிலீஷ் தெரிந்த ஒரு வாத்தியாரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கட்டிட வாசலில் நின்றார். கட்டு அவிழ்த்த கைகள், மெழுகு உருகி உறைந்ததுபோல். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. எதுவுமே புரியாமல் நின்றார்.

"ஏன் தாயி ஆளை மாத்திப் போட்டிய?"

"உங்களுக்காகத்தான் அண்ணாச்சி."

"எனக்காவ எழுதச் சொல்லி நான் கேட்டனா? நான் சொன்னதைச் சொல்லதுக்குத்தானே உங்களை அங்கன உக்கார வச்சாவ?"

உங்கள் மனைவிதான் கேட்டார் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே கண்ணியம் அதுதான் என்று நினைக்கிறேன், அதற்கும் மெடல் கேட்க முடியாது. "ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க தாயி, தப்பா எழுதிப்புட்டேன்னு. அந்தம்மா வீட்டைக் காலி பண்ணுதுக்கு முன்னால" என்றார். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். மாடியில் அப்பா இருமுகிற சத்தம் கேட்டது.

அந்த வாரம் அவரே தனியாகப் பெரிய ஆபீசுக்குப் போனார். அவருடைய விரல் ரேகையையே அவருக்குக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார். நெருப்பில் மாட்டியதில் தலை கலங்கிவிட்டது என்று பேச்சு பரவியது. நானும் அந்தப் பேச்சைக் கேட்டேன், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

வாரம் முடிந்த அன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் டிரைவரின் மனைவியையே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். மாடிப்படிக்கு அடியில் மூன்று பேரும் நின்றோம். அந்த அம்மாளின் கையில் அந்தக் காகிதம் நான்காய் மடித்து இருந்தது. "பேட்டி, ஸச் போல்" என்றாள். மகளே, உண்மையைச் சொல், அன்றைக்கு உள்ளே இவர் என்ன சொன்னார் என்று ஹிந்தியில் கேட்டாள். குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான். அவள் நெற்றியில் குங்குமம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. படியில் எங்கள் செக்‌ஷன் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நின்று திரும்பிக்கூடப் பார்த்தார்.

"காகிதத்தில் எழுதியிருப்பதுதான் சொன்னார்" என்றேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் படியில் ஏறுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கவேண்டும். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம் தன் யார்டு ஹிந்தியில், "மேரா கல்தி, வைனி. மை பூல் கயா" என்றார். தப்பு என்னுடையதுதான் அண்ணி, நான்தான் மறந்துவிட்டேன் என்று. உள்ளே சொன்னதைத் தான்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்ததுபோல.

அந்த அம்மாள் காலிலிருந்து சப்பலைக் கழற்றினாள். அவர் தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று. செத்துப்போனவரை வைத்து விளையாடுகிறாயா என்று கத்தினாள். ஆபீஸ் ஆட்கள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி தடுக்கக் கையைத் தூக்கவில்லை. எனக்கு மயக்கமாக வருகிறது என்று சொல்லி ஒரு தோழி என்னை மேலே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன்.

அதன் பிறகு அவர் என்னிடம் வரவே இல்லை. வழியில் பார்த்தால் தலை அசைப்பார், அவ்வளவுதான். நான் ப்ரமோஷன் வாங்கினேன், கல்யாணம் செய்துகொண்டேன், செம்பூருக்குக் குடி வந்தேன், ரிடையர் ஆனேன். அவர் போய்ச் சேர்ந்த செய்தி யாரோ சொல்லித் தெரிந்தது. மிலிட்டரி எஞ்சின்களையும் ஒவ்வொன்றாக உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சாட்சி என்று சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம், எனக்கும் எழுபத்து நாலு வயது ஆகிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் என் தம்பி மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டில் ஒரு மிலிட்டரி எஞ்சினைத் துடைத்து, வண்ணம் பூசி, சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறார்கள். "அத்தை, நீங்க ரயில்வேதானே, இது தெரியுமா?" என்றான். டிரைவர் நிற்கிற இடத்தைக் காட்டியபோது நிறுத்தச் சொன்னேன். கண்ணாடிக் குழாய்களை எண்ணினேன். இரண்டு. யாரோ ஒருவருக்கு இன்னொன்று பொருத்தத் தோன்றியிருக்கிறது.

பழைய ஆபீஸ்காரர்களின் வாட்ஸப் குழுவில் விசாரித்தேன். டிரைவரின் மகன் குர்லா ஸ்டேஷனுக்கு வெளியே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான் என்று விலாசம் வந்தது. அம்மா இல்லை, எப்போதோ காலமாகிவிட்டாள். அவனுக்கே அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அப்பா தம்முடைய சொந்தக் கவனக்குறைவால் செத்தார் என்று நினைத்துக்கொண்டே கிழவனாகியிருக்கிறான். அவனிடம் போய்ச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் அண்ணாச்சியின் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதான் முறை என்று நினைத்துத் தாராவிக்குப் போனேன்.

மூத்த மகள் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறாள். நான் யார் என்று சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"தெரியும்மா. அம்மா சாவுறதுக்கு முந்தி எல்லாத்தையும் சொல்லிட்டாவ. உக்காருங்க. நீங்க சைவம்லா? சாம்பார் இருக்கு, சாப்பிட்டுட்டுத்தான் போவணும்."

குர்லாவுக்குப் போகப்போகிறேன் என்று சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"இப்பம் எதுக்கும்மா? இந்த ஏரியாவுல எங்க அப்பாவை நெருப்புக்குள்ள போயி ஆளைத் தூக்குனவருன்னு இன்னைக்கும் சொல்லுதாவ. எம்மவனோட பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டுதோம். நீங்க போயிச் சொன்னா ஆளைக் கொன்னவருன்னு ஆயிரும்லா? நீங்க செஞ்சது எங்களுக்கு நல்லதும்மா. அதை நாங்க மறக்க மாட்டோம். விட்டுருங்க."

காலில் விழுந்து எழுந்தாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு இரண்டாம் முறை சாதம் வைத்தாள். அவள் கேட்டுக்கொண்டபோது எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. அதை நினைக்க நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது. அவள் வேண்டாம் என்கிறாள், சரி. அவள் அப்பா வேண்டும் என்று கேட்டாரே, அதற்கு நான் யாரிடம் போய்ப் பதில் சொல்வது?

சயானில் வண்டி ஏறினேன். செம்பூர் போகக் குர்லாவில் இறங்கி ஹார்பர் லைனுக்கு மாறித்தான் ஆகவேண்டும். பாலத்தின் மேல் வந்து நின்றேன். ஒரு பக்கப் படியில் இறங்கினால் ரோடு, நாலு கடை தாண்டிப் பட்டறை. இன்னொரு பக்கப் படியில் இறங்கினால் ஹார்பர் பிளாட்பாரம். பின்னாலிருந்து "ஆன்ட்டி, சலோ, சலோ" என்று தள்ளினார்கள். கூட்டம் தள்ளிய பக்கம் போய்விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கூட்டம் ரோட்டுப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. நான்தான் அதை எதிர்த்து, ஒவ்வொரு ஆளாக விலக்கிக்கொண்டு, பிளாட்பாரத்துக்கு இறங்கினேன். செம்பூர் வழியாகப் போகிற பன்வேல் வண்டி வந்தது. லேடீஸ் பெட்டியில் ஏறினேன். உட்கார இடமும் கிடைத்தது.